பேசாத ப்ளக்-இன்

ப்ளக்-இன் எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ப்ளக்-இன் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை, ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்கிற குட்டி சாஃப்ட்வேர். ஒன்று எதிரொலி போடும், ஒன்று இரைச்சலைத் துடைக்கும். திரையில் வெள்ளிக் குமிழ் மாதிரி படம் வரைந்து வைத்திருப்பார்களாம், அவ்வளவு அழகாம். என் மனைவி சொல்லித்தான் தெரியும். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான் என் பிழைப்பு. படத்தை அது என்னவென்று வாசிக்கும்? "அன்னோன்" என்று, அதாவது இன்னதென்று தெரியாது என்று, இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். அழகைக் கொண்டுபோய் உடைப்பில் போடு.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் கல்யாணக் கச்சேரிகளை கேசட்டில் பதிந்துகொண்டிருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. குமிழ் என்றால் குமிழ், தொட்டால் தெரியும், யார் தயவும் வேண்டாம். கம்ப்யூட்டர் வந்துதான் என் கையைக் கட்டிப்போட்டது.

திண்டிவனத்தில் வீட்டு மாடியில் ஒரே அறை, அதுதான் என் ஸ்டூடியோ. திருவிழா விளம்பரம், ஆட்டோவில் ஓட்டுகிற இரங்கல் அறிவிப்பு, எப்போதாவது ஓர் அம்மன் பாட்டு. புது ப்ளக்-இன் எதை இறக்கினாலும் கீபோர்டில் டேப் கீயைத் தட்டி ஒவ்வொரு குமிழாக நகர்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு குமிழுக்கும் பேர் சொன்னால் வைத்துக்கொள்வேன், அன்னோன் என்றால் அன்றே தூக்கி எறிவேன். பேசுகிறதெல்லாம் சுமார், பிரமாதமானதெல்லாம் ஊமை. அப்படி ஓர் ஊமையை மட்டும் எறிய மனம் வரவில்லை. காற்று இரைச்சலை அதைப் போல் துடைக்க வேறு எதனாலும் ஆகாது. அதற்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுவேன். அவள் மவுஸைப் பிடித்துக் குமிழைத் திருப்புவாள், நான் "இன்னும், இன்னும், போதும்" என்பேன். எத்தனை வருஷத்துக்கு இப்படி என்று எனக்கே என் மேல் எரிச்சலாக வரும்.

பிறகு ஒரு நாள், மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் கடலோடு போய்விட்டான். என் உள்ளங்கையில் ஒரு மெமரி கார்டை வைத்து அழுத்தினார்.

"எம்புள்ள பேசனது இது ஒண்ணுதான் தம்பி இருக்குது. போன மாசம் போட்ல போவசொல்ல அவனே போன்ல புடிச்சது. காத்துதான் பெருசா கேக்குது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மைக்ல போடணும். அவன் பேசறது எல்லாருக்கும் கேக்கணும்."

ஒரு நிமிஷம்கூட இல்லை. பையன் அம்மாவைக் கிண்டல் செய்கிறான். "யம்மா, இன்னிக்கும் கருவாட்டுக் கொழம்புதானா? மீனு புடிக்கறவன் ஊட்லயே மீனுக்குப் பஞ்சமா?" அப்புறம் ஒரு சிரிப்பு. அதில் பாதி காற்றில் போய்விடுகிறது.

பேசுகிற ப்ளக்-இன்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். காற்று போனால் சிரிப்பும் கூடவே போனது. ஊமையை விட்டால் வேறு கதியில்லை. மனைவி கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாள். நான் கொடுக்கவில்லை. ஒரு தடவையாவது நானே முடிப்போம் என்று வீம்பு. தட்டித் தட்டிப் பார்த்ததில் அம்புக்குறி கீ அந்தக் குமிழை அசைப்பது தெரிந்தது. காற்று ஏறுகிற இடத்தில் கூட்டினேன், இறங்குகிற இடத்தில் குறைத்தேன். இந்தக் கூட்டல் குறைத்தலை அந்தப் ப்ளக்-இன் நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் ஓடவிட்டபடியே, கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வருகிற சத்தம் முழுவதையும் அப்படியே பதிந்தேன்.

கேட்டுப் பார்த்தேன். காற்றைக் காணோம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே பெயரில் கார்டில் சேமிக்கப் போனேன். பழையதன் மேல் எழுதவா என்று ஸ்க்ரீன் ரீடர் கேட்டது. இரண்டும் இருந்தால் மைக் செட்காரர் காற்றோடு இருப்பதைப் போட்டுத் தொலைப்பார் என்று நினைத்து என்டரைத் தட்டினேன். தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை, பாவி எனக்கு.

காரியத்துக்கு நானும் மனைவியும் போனோம். சடங்கெல்லாம் முடிந்ததும் மைக் செட்காரர் அதைப் போட்டார். பந்தலில் பேச்சு நின்றது.

"யம்மா, இன்னிக்கும்... அன்னோன்... கருவாட்டுக் கொழம்பு... அன்னோன்... அன்னோன்..."

நான் கீயைத் தட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஸ்க்ரீன் ரீடரின் அந்த இங்கிலீஷ் குரல், கட்டையாக, அவனைவிடச் சத்தமாக. சிரிப்புக்கு நடுவிலும் இரண்டு முறை. அதுவும் அதே கம்ப்யூட்டரிலிருந்துதானே வருகிறது, சேர்ந்து பதிவாகிவிட்டது. காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் காதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிற குரல் எனக்கு ஃபேன் சத்தம் மாதிரி. அன்றைக்குக் கேட்டுப் பார்த்தபோதும், வழக்கம்போல அது பாட்டுக்குப் பேசுகிறது என்று விட்டிருக்கிறேன்.

"என்னாங்க, உங்க மெஷினு பேசுது" என்று மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். யாரோ பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்கள்.

அந்த அம்மா என் எதிரில் வந்து நிற்பது தெரிந்தது. எழுந்தேன்.

"அது என் கம்ப்யூட்டர்மா. என் தப்புதான்."

"அது கெடக்குது போ. பழச போடச் சொல்லு தம்பி. காத்தோடவே கேட்டுக்கறோம்."

"பழசு இல்லம்மா. அது மேலயே இத ஏத்திட்டேன்."

அவர் கத்துவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கண்ணு தெரியலன்னா இன்னா, காது நல்லா கேக்கும்னுதான தம்பி உன்னாண்ட குடுத்தேன்" என்றார்.