ரப்பர் முட்டினால் ஃபுல் லோடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓட்டிய பிக்கப் வண்டி கண்ணில் படும் முன்பே மூக்கில் பட்டுவிடும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் ஜவ்வை அள்ளிக்கொண்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு வஜ்ஜிரப் பட்டறையில் கொட்டுவது என் தொழில். அதைக் காய்ச்சித்தான் தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ஜிரம் செய்வார்கள். உங்கள் வீட்டுப் பழைய நாற்காலி இன்னும் ஆடாமல் நிற்கிறதென்றால் அதில் என் பங்கும் உண்டு. செக்போஸ்டில் போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நிறுத்தாதே, போ போ என்று கையாட்டுவார். அந்த மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

வண்டி வாங்குவதற்கு முன் நான் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியவன். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் கை எரியும். அந்தக் குழியிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது இந்த வண்டிதான். வண்டி படுத்தால் நான் திரும்பவும் குழியில் இறங்க வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

பட்டறையில் எடை மேடை கிடையாது. நடைக்கு இவ்வளவு வாடகை என்று பேச்சு. லோடு நிறைவா குறைவா என்று பார்க்க அங்கிருந்த மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். பின்சக்கர அச்சுக்கும் அதற்கு மேலே ஓடும் சட்டத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பாரத்தில் வண்டி அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் அது தாங்கும். நியாயமாகப் பார்த்தால் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும்தான் அச்சு அந்த ரப்பரில் முட்ட வேண்டும். மேஸ்திரிக்கோ வண்டி நின்ற இடத்திலேயே முட்ட வேண்டும். தன் வயிற்றையும் சேர்த்துக் குந்தவைத்து, இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் பாதி வாடகைதான்.

"இன்னாபா, பொண்ணு பாக்க வந்தியா? காலி வண்டிய ஓட்டினு வந்துருக்க" என்பார். பிறகு எழுந்திருக்க என் தோளையே பிடிப்பார்.

சில வருஷம் இப்படியே ஓடியது. வருஷத்துக்கு வருஷம் ரப்பரை முட்டவைக்கக் கொஞ்சம் கூடுதல் ஜவ்வு தேவைப்பட்டது. வண்டி பழகப் பழக அதற்குப் பலம் ஏறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். கேட்டவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், அவர்களை நான் என்ன சொல்ல.

ஒருநாள் மாதனூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பின்சக்கரத்து வில்பட்டை உடைந்தது. மாற்றினேன். கொஞ்ச நாளில் மறுபடி உடைந்தது. அப்போதுதான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ரப்பர் கட்டை இரண்டும் பழைய செருப்புக் குதிகால் மாதிரி தேய்ந்து குட்டையாகிக் கிடந்தன. ரப்பர் குட்டையாக ஆக, அதை முட்டவைக்க நான் மேலே மேலே ஏற்றியிருக்கிறேன். கழுதைக்குப் பலம் ஏறவில்லை, மூட்டைதான் ஏறியிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. சட்டத்தில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

என் தோஸ்த் ஒருவன் ஷூ கம்பெனியில் சோல் வெட்டுகிறவன். ரப்பர் விஷயத்தில் அவனுக்குத் தெரியாததே இல்லை என்பது அவனுடைய கருத்து. அவனைக் கூட்டிக்கொண்டு வேலூர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று சட்டி கவிழ்த்த மாதிரி, ஒன்று நடுவில் ஓட்டையோடு மெத்தென்று, ஒன்று வண்டியோடு வந்ததைப் போலவே அசல் உயரத்தில். தோஸ்த் ஒவ்வொன்றாக முகர்ந்தான், நகத்தால் கீறினான், கடைசியில் ஒன்றைக் கடித்தே பார்த்தான்.

"கடிச்சது உங்களுது" என்றார் பாய்.

நல்லவேளை, அவன் கடித்தது அசல் உயரத்து ரப்பரை. அதையே மாட்டினேன். முட்டவைக்கத் தேவையான லோடு சட்டென்று குறைந்தது. பட்டறையில் மேஸ்திரி குந்திப் பார்த்தார். விரல் நுழையவில்லை. மேலே பார்த்தால் ஜவ்வு வண்டியின் பக்கப் பலகைக்குக் கீழே கிடக்கிறது.

"இன்னா மேட்டரு இது? ரப்பர் முட்டுது, லோடு கம்மியா இருக்குது."

"புது ரப்பர் மேஸ்திரி. வண்டி பொறந்தப்ப இருந்த சைஸு."

"நீ பொறந்தப்ப இருந்த சைஸ்லயேவா இருக்க?" என்றார். ஆனால் ரப்பர் முட்டினால் ஃபுல் லோடு என்பது அவரே போட்ட விதி. முழு வாடகையைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எதற்கென்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. லோடு மறுபடி ஏறத் தொடங்கியது. அடியில் படுத்துப் பார்த்தால், புது ரப்பர் இரண்டும் வெண்ணெய் வெட்டியது போல ஒரே மட்டமாகச் சீவப்பட்டிருந்தன. பட்டறையில் ஆட்கள் லோடு இறக்கும் நேரம் நான் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போவது வழக்கம். அங்கே ஜவ்வு நறுக்கும் கத்திக்கும் பஞ்சமில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடித்தால் நாளைக்கு வேறொரு வண்டிக்காரன் வருவான், நான் குழிக்குப் போவேன். வாயை மூடிக்கொண்டு மறுபடி வேலூருக்குப் போனேன்.

"இந்த தபா சாஃப்ட்டா வேணுமா, ஹார்டா வேணுமா?" என்று பாய் கேட்டார்.

"கத்தி எறங்காததா வேணும் பாய்."

"வண்டிக்குத்தானே?" என்றார் பாய்.

விஷயத்தைச் சொன்னேன். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பழைய டயர்க் கடைக்கு என்னை அனுப்பினார். லாரி டயரின் ஓரத்தில், உள்ளே இரும்புக் கம்பிக் கட்டு ஓடும் இடத்தை உளியால் துண்டு போட்டு, அடுக்கி, அசல் உயரத்துக்கு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தது. தோஸ்த் தன் சோல் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத நான் கடிக்க மாட்டேன்" என்றான்.

அதை மாட்டி, அளவாக ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வழக்கம்போல் டீ குடிக்கவும் போனேன். அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன். வாடகை வாங்கத் திரும்பி வந்தபோது மேஸ்திரி நறுக்குக் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையிலிருந்து பாதி வரைக்கும் பல் பல்லாகப் போயிருந்தது.

"ஏம்பா, உள்ள கம்பி இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் நிஜமான வருத்தத்தோடு.

"நீங்க கேக்கலியே மேஸ்திரி."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழு வாடகையை எண்ணிக் கொடுத்தார்.