மேற்குத் தட்டி

இசக்கியம்மாள் என் கோழிகளுக்கு விஷம் வைக்கவில்லை. நூற்றிருபது கோழிகளையும் கொன்றவன் நான்.

மேலகரத்தில் இதை அறிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், அவள் ஒருத்தி. இப்போது நீங்கள் மூன்றாவது. நீங்கள் இதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்ற யோசனை அதற்குள் எனக்கு வந்துவிட்டது... என் புத்தி அப்படி.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் எனக்குத் தபாலாபீஸ் குமாஸ்தா உத்தியோகம். வீட்டின் பின்னால் கொட்டகை போட்டு, கறிக்கென்றே வெள்ளைச் சீமைக்கோழிகள் வளர்த்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சாப்பாட்டுக் கடைகளில் கோழிக்கு அடிபிடி.

மனைவி தவறிவிட்டாள், மகள் பாட்டி வீட்டில் வளர்ந்தாள்; வீட்டில் வேறு ஆள் கிடையாது. பகலில் கோழிகளைப் பார்த்துக்கொள்ள இசக்கியை வைத்திருந்தேன். கணவனை இழந்தவள், ஏறக்குறைய என் வயது. அவளுடைய உண்மையான பிழைப்பு கல்யாண வீடுகளில் மசாலா அரைப்பது. அவள் கைபட்டால் குழம்பு தெருமுனை வரை மணக்கும் என்று சுரண்டையிலிருந்துகூட ஆள் வந்து அழைத்துப் போவார்கள். கல்யாணமில்லாத நாட்களில் என் கோழிகள்.

முந்தின வருஷம் முதல் சாரலிலேயே நனைந்து விறைத்துப் பத்துப் பதினைந்து கோழிகள் போயின. அந்தப் பயம் எனக்கு. வைகாசிக் கடைசியில் மலைமேல் மேகம் இறங்கியதைக் கண்டதும், இதோ சாரல் வந்துவிட்டது என்று கொட்டகையின் மேற்குப் பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்தேன். மற்ற மூன்று பக்கமும் மண்சுவர். கிழக்கே ஒரு கதவு, அவ்வளவுதான்.

மேகம் அங்கேயே நின்றது. சாரல் வரவில்லை. உடம்பை அவித்தெடுக்கும் புழுக்கம் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, மத்தியானம் கோழி பூராவும் வாயைப் பொளந்துகிட்டு நிக்கி. மேக்கால தட்டிய எடுத்து உடுங்க. கணவாய்க் காத்து கொஞ்சம் உள்ள வரட்டும்" என்றாள் இசக்கி.

"சாரல் அடிச்சா ஒண்ணு மிஞ்சுமா? ஒனக்கென்ன தெரியும்?" என்றேன்.

மேற்கே வாய்க்கால் கரை. கரையைத் தாண்டினால் குற்றாலம் ரோடு. ஏன் குறிப்பாக அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்கிறாள்? கடைக்காரன் எவனோடாவது பேசி வைத்திருக்கிறாளா? ஆபீசில் முத்திரை குத்தும்போதும் இதே நினைப்பு.

ஒருநாள் சொல்லாமல் மத்தியானமே வந்து நின்றேன். உள்ளே ஈரச் சாக்குகள் தொங்கின. தண்ணீரில் மோர் கலந்திருந்தது. தீனித் தொட்டி காலி.

"தீனி எங்கட்டி?"

"உச்சி வெயில்ல தின்னா உள்சூடு கூடும்லா அண்ணாச்சி. விடியக்காலம் போட்டேன். இனி பொழுது சாயத்தான் போடுவேன்."

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

மறுநாள் தட்டியை, தபால் பை கட்டும் முடிச்சால் கட்டிவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் வேறு முடிச்சு. அடுத்த நாளும் அப்படியே. கோழிகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. குறையாததே எனக்குப் பெரிய சந்தேகமாயிற்று! மொத்தமாக அடிக்க நாள் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "உச்சிப்பொழுது மட்டுந்தான் கழட்டுதேன். நீங்க வாறதுக்கு முன்ன கட்டிருதேன். இல்லன்னா செத்துரும் அண்ணாச்சி."

இனி வராதே என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தட்டியைக் கம்பி போட்டு முறுக்கினேன். தொட்டிகள் நிறையத் தண்ணீரும் தீனியும் வைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அன்று எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது கொட்டகையில் சத்தமில்லை. கதவைத் திறந்ததும் வெந்நீர் அண்டாவின் மூடியைத் தூக்கியது போல முகத்தில் சூடு அடித்தது. தண்ணீர்த் தொட்டியருகே ஒரு கோழிகூட இல்லை. எல்லாம் மேற்கே, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, ஓலை இடுக்குகளில் அலகை நுழைத்தபடி செத்துக் கிடந்தன.

நான் அழவில்லை. குறடு தேடினேன்... கம்பியை வெட்டி, தட்டியைப் பிரித்து இழுத்துப்போய் வாய்க்காலில் விட்டேன். தண்ணீர் அதை வளைவுவரை கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கூச்சல் போட்டேன்.

ஊர் கூடியது. பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இசக்கிய எங்கன காணல?" என்றார்.

"நேத்துதான் நிறுத்தினேன்" என்றேன்.

அது பொய்யில்லை, பாருங்கள். "அப்போ வெசம் வச்சிட்டாளோ?" என்று அவர்தான் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு பெண்ணின் பிழைப்பை அழிக்க அது போதுமானதாக இருந்தது.

செய்தி கேட்டு அவளே வந்தாள். கோழிகளைப் பார்த்தாள், திறந்து கிடந்த மேற்குப் பக்கத்தைப் பார்த்தாள். "தட்டி எங்க அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டாள். எந்தத் தட்டி என்று நான் கேட்டேன். அவள் என் கண்ணையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பின் எந்தக் கல்யாண வீட்டிலும் அவளை அம்மியருகே விடவில்லை. விஷம் வைத்த கை என்றார்கள். வயல்வேலைக்கு அச்சன்புதூர் வரை நடந்தாள்.

நாலு வருஷம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம். அழைக்காமலே வந்தாள் இசக்கி. எல்லோரும் பார்க்கக் கையைக் கழுவிக்கொண்டு அம்மிமுன் உட்கார்ந்தாள். பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றாள்.

அரைக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தால் அவள் கை மீண்டிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? அன்று வைக்காததை இவள் இன்று வைத்துவிட்டால்? வைப்பதற்கு அவளுக்குக் காரணம் இருக்கிறதே... அந்தக் காரணம் என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"வேண்டாம்" என்றேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். யாரோ ஒருத்தி வந்து அரைத்தாள். பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். நான் குழம்பைத் தொடவில்லை.