கட்டாயமில்லாத கயிறு

எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் வேர்லா கோப்பன்ஸ் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறார். 'இது யாரையும் கட்டுப்படுத்தாது' என்ற வரி அங்கே இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். "கட்டாயமில்லைன்னு இவ்வளவு பணிவா சொல்றாங்கன்னா, கயிறு எங்கேயோ தயாரா இருக்குப்பா" என்பார் என்னிடம்.

பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு ஒன்றுக்குச் சட்ட ஆலோசகர். எனக்குப் பக்கத்து அறை. டிராம் வருகிறது என்று பலகை சொன்னாலும் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கேன்டீனில் தக்காளி சூப் என்றால், "அடியில என்ன இருக்கு? கொஞ்சம் கலக்கிக் காட்டுங்க." பரிமாறும் பெண் இப்போதெல்லாம் இவரைக் கண்டதுமே கரண்டியை விட்டுக் கலக்கத் தொடங்கிவிடுகிறாள்.

இது பிறவிக் குணமல்ல. தங்கை ஹில்டா பெல்ஜியத்திலேயே உள்ள கென்ட் நகரில் தன் வீட்டில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தைக்கு இவ்வளவு இடம் இருந்தால் நல்லது என்று பிரஸ்ஸல்ஸ் மேலிடத்திலிருந்து ஒரு பரிந்துரை வந்தது. வெறும் பரிந்துரை. ஹில்டாவின் வீட்டில் அவ்வளவு இடம் இல்லை. மறு வருடம் காப்பீட்டுக்காரர் கையை விரித்தார். "சட்டம் இல்லதான் மேடம். பரிந்துரை இருக்கே!" காப்பீடு இல்லாமல் உரிமம் இல்லை. ஹில்டா இப்போது சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள்.

"சட்டம்னா எங்ககிட்ட ஓட்டுக்கு வரணும். சண்டை போடுவோம், திருத்துவோம். இதுக்கு அந்தத் தொல்லையே இல்ல. பின்வாசல் வழியா வந்து நடுவீட்டுல உட்கார்ந்துக்கும்" என்கிறார் வேர்லா.

போன மாதம் அதே மேலிடத்திலிருந்து அடுத்த பரிந்துரையின் வரைவு வந்தது: குழந்தைகள் தூங்கும் அறையில் கேமரா வைப்பது நல்லது. அதை எழுதிய அதிகாரி ரெனாத்தோ, சிரித்த முகத்து இத்தாலிக்காரர், சாக்லேட் பெட்டியோடு விளக்கம் சொல்ல வந்தார். வேர்லா பெட்டியைத் தொடவில்லை.

"வெறும் யோசனைதான் மேடம்."

"சரி. கேமரா வைக்காதவங்களுக்கு மானியம் உண்டா?"

"அது... வேற பிரிவு பார்த்துக்கும்."

"பார்த்துக்குமா! அதான் பயமா இருக்கு. கேமரா இல்லைங்கிறதுக்காக மானியமோ உரிமமோ காப்பீடோ மறுக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடுங்க."

"பரிந்துரையில 'கூடாது'ன்னு எப்படி எழுதறது மேடம்? யாரையும் கட்டுப்படுத்தாத தாளாச்சே!"

வேர்லா அப்போதுதான் சிரித்தார். "என் தங்கச்சியைக் கட்டத் தெரிஞ்ச தாளுக்கு, காப்பீட்டுக்காரனைக் கட்டத் தெரியாதாக்கும்!"

ரெனாத்தோவின் முகம் சிவந்தது. 'மறுப்பதற்கு இதைக் காரணம் காட்டுவது இதன் நோக்கமல்ல' என்பதுவரைதான் இறங்கி வந்தார். அதற்கே காபி இரண்டு முறை ஆறிப்போனது. அந்த வரியைத் தன் கையாலேயே வரைவின் ஓரத்தில் எழுதினார்.

"நம்புங்க மேடம், அச்சுல வந்துரும்" என்று எழுந்து கையை நீட்டினார்.

வேர்லா இடது கையைக் கொடுத்துக் குலுக்கினார். வலது கையின் ஆள்காட்டி விரல் தாளில் அந்த வரியின் மேல் அழுந்தியிருந்தது.