பூட் பண்ணுங்க, சார்!

போன வாரம் ஒரு பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூல் — பேர் வேண்டாமே. நான் வேலை பார்க்கும் மெட்ராஸ் கம்பெனி, தன் பழைய கம்ப்யூட்டர் இரண்டை அதற்குத் தானமாகக் கொடுத்தது. ஆடி மாதம் நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இந்த வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பேனா?

சூடம் காட்டி, திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பத்தாம் வகுப்பு மல்லிகா எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினாள். பச்சையாக மின்னியது.

"இத்த கத்துக்கினா மேல படிக்க வுடுறேன்னு எங்கப்பா சொல்லிக்கீறாருண்ணா. கத்துக்க முடியுமா?"

"மார்ச்சுக்குள்ள நீயே மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுப்ப" என்றேன்.

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிக்கொண்டே தலைமை ஆசிரியரிடம் கத்தினேன்: "தெனமும் பூட் பண்ணுங்க சார்! பூட் பண்ணாம வுட்டா கெட்டுடும்!"

கம்ப்யூட்டரை ஓடவிடுவதற்கு எங்கள் ஆபீஸில் 'பூட்' என்று பெயர். அவர் காதில் என்ன விழுந்திருக்கும்... புரிகிறதல்லவா?

போன வாரம் போனால் — கதவில் கையகலப் பூட்டு! பியூன் கோவிந்தன் அதை இழுத்துக் காட்டினார். பெருமை தாங்கவில்லை.

"ஒரு நாள்கூட பூட்டாம வுட்டதில்ல சார். ஒரு புள்ளைய உள்ள வுடல!"

"நீங்கதானே சார், பூட்டலைன்னா கெட்டுடும்னு சொன்னீங்க?" என்றார் தலைமை ஆசிரியர்.

கதவைத் திறந்தார்கள். புழுக்க வாடை. திரையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"மல்லிகா எங்கே?"

"அது பூட்டுது சார்" என்றார் கோவிந்தன். "கம்ப்யூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, இன்னா படிப்புன்னு அவங்கப்பா இட்டுக்கினு பூட்டாரு."

எங்கள் பக்கத்தில் 'போய்விட்டார்' என்பதை அப்படித்தான் சொல்வோம். நான் சொன்னது பூட், அவர்கள் போட்டது பூட்டு, பெண் பூட்டாள்... படித்தவன் வாயில் வருகிற ஒரு வார்த்தை, ஊருக்குள் எங்கெங்கே போய் முட்டுகிறது, பாருங்கள்!

பஸ்ஸுக்கு நடந்தேன். வழியில் ஒரு கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். கையெல்லாம் செம்மண்.

"அண்ணா, நான் அடிச்ச பேரு இன்னும் அதுல கீதா?"

சுவிட்சை அணைத்த அன்றே அது அழிந்துபோயிருக்கும். அவளிடம் எப்படிச் சொல்வது?

"கீதும்மா" என்றேன்.

பத்திரமாக... பூட்டின அறைக்குள்.