வெள்ளிக்கிழமைப் பதில்களும் சனிக்கிழமைப் பைகளும்

லண்டன் நோர்பரியில் யார் வீட்டில் இன்று என்ன கறி என்று தெரிய வேண்டுமானால் நகுலேஸ்வரியைத்தான் கேட்க வேண்டும். கேட்டும் பயனில்லை, சொல்லமாட்டார். ஞானேஸ்வரனின் கடையில், பின்சுவரை ஒட்டிய பனிக்கட்டித் தட்டுக்கு முன்னால் நின்று பதினொரு வருடமாக மீனும் இறைச்சியும் வெட்டிக் கொடுக்கிறார். விளைமீன் தலை எந்த வீட்டுக்குப் போகிறது, மருமகள் வந்தபின் எந்த வீட்டில் கணவாய்க்கறி நின்றுபோனது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கடையில் கண்டதைக் கடைக்கு வெளியே கதைப்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்.

மீன் வெட்டப் பழகியது யாழ்ப்பாணத்தில் இல்லை, வட நோர்வேயில். கலியாணம் முடித்துப் போன புதிதில் அவரும் கணவர் சந்திரகுமாரும் ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வேலை செய்தார்கள். குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டாத ஊர். பிறகு மகன் மிதுலன் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். வந்து இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்ட சந்திரகுமார் ரயில் நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. வயது நாற்பத்தெட்டு. சிகரெட் இல்லை, குடி இல்லை, தொந்திகூட இல்லை.

ஏன் என்று நகுலேஸ்வரி கேட்காத ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில், உங்கள் ஆட்களுக்கு இந்த வயதில் இப்படி வருவதுண்டு என்றார்கள். அது ஒரு பதிலா? அந்தப் பதிலைக் கேட்டு வந்த கோபம் ஒன்பது வருடமாகியும் அவருக்குத் தணியவில்லை.

அதனால்தான், தென் லண்டனில் உள்ள இதய ஆய்வு நிறுவனம் ஒன்று அதே கேள்வியைக் கையில் எடுத்தபோது, அதைத் தன் சொந்த வேலையாக அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆயிரம் பேரைச் சில வருடங்களுக்குத் தொடர்ந்து பார்ப்பது திட்டம். இரத்தம் எடுப்பார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பார்கள், ஆபத்தில் இருப்பவர்களை ஸ்கானுக்கு அழைப்பார்கள். அதில் நூற்று நாற்பது பேர் தமிழர்களாக இருக்க வேண்டும். நிறுவனம் வீடு வீடாகக் கடிதம் அனுப்பியது. நம்மவர்களுக்கோ மண்ணிற உறையில் வரும் கடிதத்தைத் திறக்கக் கை வராது. அகதி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்துப் பயம் அது. வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கட்டடம் மாறி வந்தவர்.

கோசிகா என்ற ஆய்வாளர், லண்டனில் பிறந்த பெண், நோட்டீசுக் கட்டோடு கடைக்கு வந்தாள். நகுலேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நோட்டீசைப் பாத்து ஆரும் வராயினம், பிள்ளை. சனம் எங்கை நிக்குதோ அங்கை நீங்கள் போக வேணும்."

"எங்கை அன்ரி?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம், கோவில் மண்டபம். நான் பிடிச்சு இருத்துறன்."

சொன்னபடியே செய்தார். பூசை முடிந்து வடையும் கடலையும் வாங்க வரும் கூட்டத்தைப் பெயர் சொல்லி அழைத்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரத்தம் கொடுக்கவும் கோசிகாவின் சாப்பாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வரிசையில் உட்கார வைத்தார். மூன்றே மாதத்தில் நூற்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். நிறுவனத்திலிருந்து பூங்கொத்து வந்தது. அந்த வாரம் முழுக்க நகுலேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை.

மாசி மாதத்தில் கோசிகா மறுபடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அன்ரி, சாப்பாட்டுப் பேப்பரும் பிளட் ரிசல்ட்டும் ஒண்டோடை ஒண்டு ஒத்துவரேல்லை."

"எப்பிடி?"

"நூற்றி இருபது பேர் மீன் இறைச்சி, மச்சம் ஒண்டும் தொடுறேல்லை எண்டு சொல்லியிருக்கினம். ஆனா பிளட்டிலை மீன் எண்ணெய் இருக்கு. நல்லாவே இருக்கு. புரொபசர் நினைக்கிறா, ட்யூப் எல்லாம் மாறிப் போச்சு எண்டு. வியாழக்கிழமை மீட்டிங். தமிழ் ஆக்களை ஸ்டடியிலை இருந்து எடுக்கப் போகினம்."

பாரைமீனின் நடுவில் கத்தி நின்றது. நகுலேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, முருகனுக்குத் தீபம் காட்டி முடித்த கையோடு, பக்கத்துக் கதிரையில் கோவில் நிர்வாகசபைக்காரர் உட்கார்ந்திருக்க, போன சனிக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டேன் என்று எவன் வாய் திறப்பான்? சாமிக்கு முன்னால் எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தையும் அந்த வெள்ளிக்கிழமையையும் தேடிப் பிடித்துக் கொடுத்தது யார்? இவரேதான். சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றும் இருந்தது. கோசிகா முதல் பேப்பரை நிரப்பியது நகுலேஸ்வரியிடம்தான். மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். எந்தச் சோப்புப் போட்டாலும் மீன் வாசம் போகாத அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "எப்பவாவது" என்று சொன்னவர் அவர்.

புதன்கிழமை முழுவதும் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் வெள்ளைக்காரருக்கு முன்னால் ஊர் முழுவதையும் பொய்யராக்க வேண்டும். ஆதாரம் கேட்டால் யார் என்ன வாங்குகிறார் என்று சொல்ல வேண்டிவரும். பதினொரு வருடச் சட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் சந்திரகுமாருக்கு ஏன் அப்படி நடந்தது என்று கேட்க முன்வந்த ஒரேயொரு இடமும் கதவைச் சாத்திக்கொள்ளும். அடுத்த வீட்டு ஆள் அதே படியில் உட்காருவார், அப்போதும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு கோசிகாவோடு போனார். நீளமான மேசை, ஒன்பது பேர், தலைமையில் பேராசிரியர் ஹியூஸ் என்ற நரைத்த தலை அம்மையார். சுவரில் புள்ளிகளும் கோடுகளுமாகப் படம் காட்டினார்கள். பேசி முடித்து, சமூகத்தின் சார்பில் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். நகுலேஸ்வரி எழுந்து நின்றார். நோர்வேயில் பாதியும் கடையில் பாதியுமாகப் பொறுக்கிய ஆங்கிலத்தில் பேசினார்.

"உங்கள் குழாய்கள் மாறவில்லை. நாங்கள் பொய் சொன்னோம். முதல் பொய் என்னுடையது. நான் வெள்ளிக்கிழமை தவிரத் தினமும் மீன் சாப்பிடுகிறேன். கோவிலில் கேட்டதால் சொல்ல வெட்கமாக இருந்தது. கோவிலில் வைத்துக் கேட்கச் சொன்னதும் நான்தான்."

ஹியூஸ் கண்ணாடியைக் கழற்றினார். மற்றவர்களும் பொய் சொன்னார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"தெரியும். பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சனிக்கிழமை காலையில் என் மீன் தட்டுக்கு முன்னால் வந்து திரும்பவும் கேளுங்கள். அங்கே யாரும் சைவம் என்று சொல்ல முடியாது. கையில் பை இருக்கும்."

முதலில் சிரித்தது ஹியூஸ்தான். அரைமணி நேரம் வாதாடிய பிறகு முடிவு சொன்னார்கள். நான்கு சனிக்கிழமை தருகிறோம். நூறு பேராவது திரும்பப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் தமிழர் பகுதி அதோடு சரி.

ஞானேஸ்வரன், மீன் உறைந்து கிடக்கும் உறைபெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கோசிகா மேசை போட்டு, மறைப்புக்கு ஒரு திரையும் வைத்தாள். முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை. மேசையைக் கண்டதும் எல்லாருக்கும் மிளகாய்த்தூள் பக்கம் அவசர வேலை வந்துவிட்டது.

பதினொன்றுக்குத் தில்லையம்பலம் வந்தார். கோவில் நிர்வாகசபையில் இருப்பவர், சுத்த சைவம் என்று பெயர் எடுத்தவர். சனி தவறாமல் அவருடைய பையின் அடியில் இரண்டு கிலோ ஆட்டிறைச்சி போகும். மேலே நாலைந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். அடுக்கிக் கொடுப்பது நகுலேஸ்வரி. இத்தனை வருடத்தில் அதைப்பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. வழக்கம்போல நகுலேஸ்வரி பையைக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, தட்டைச் சுற்றி வெளியே வந்தார். திரையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, என்னைக் கேள். சத்தமாக் கேள்."

கோசிகா பேப்பரை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மீன், கிழமைக்கு எத்தினை நாள் அன்ரி?"

"ஆறு. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. போன முறை எப்பவாவது எண்டு சொன்னனான். அது பொய்."

"ஆட்டிறைச்சி?"

"ஞாயிற்றுக்கிழமை. குழம்பும் வைப்பன், பிரட்டலும் வைப்பன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நகுலேஸ்வரி திரும்பிப் பார்த்தார்.

"என்ரை மனுசன் நாப்பத்தெட்டு வயசிலை போனவர். ஏன் எண்டு கேட்டன், ஒருத்தருக்கும் தெரியேல்லை. இப்ப இவை அதைத்தான் தேடுகினம். நாங்கள் உள்ளதைச் சொன்னால்தான் இவை கண்டுபிடிப்பினம். முருகன் கோவிக்க மாட்டார். அவருக்கு எல்லாம் முந்தியே தெரியும்."

தில்லையம்பலம் வாசல் வரை போனவர், நின்றார். திரும்பி வந்தார். பையிலிருந்து முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறகு இறைச்சிப் பொதியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"எழுதுங்கோ பிள்ளை. கிழமைக்கு ரெண்டு கிலோ. எலும்போடை. வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான்."

"அப்ப உந்த முருங்கைக்காய், அண்ணை?" என்று கல்லாவிலிருந்து ஞானேஸ்வரன் கேட்டார்.

"அது வழித்துணைக்கு."

கடை கொல்லென்று சிரித்தது. அடுத்த பத்து நிமிடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. திரை வேண்டியவர்களுக்குத் திரை, வேண்டாதவர்களுக்குக் கதிரை. கணவருக்குத் தெரியாமல் ஒரு பெண் ஒத்துக்கொண்ட நண்டும், மனைவிக்குத் தெரியாமல் ஒருவர் ஒத்துக்கொண்ட கொத்துரொட்டியும் திரைக்குப் பின்னால் பதிவாகின. நான்காம் சனிக்கிழமை மாலை கணக்குப் பார்த்தால் நூற்று முப்பத்தொரு பேர். மீதி ஒன்பதில் ஏழு பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். இருவர் உண்மையாகவே சைவம். எங்களைப் பார்த்து இரண்டாம் தரம் இப்படிக் கேட்கலாமா என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பேப்பரும் இரத்தமும் ஒத்துப்போயின. தமிழர் பகுதி ஆய்வில் நிலைத்தது. ஹியூஸ் தானே கடைக்கு வந்து, கையுறையைக் கழற்ற விடாமல் நகுலேஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது என்று முடிவுசெய்யும் குழுவில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது, இதைச் சந்திரகுமார் பார்க்க வேண்டுமே என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது அவருக்கு.

புதிய பதில்களை வைத்து, ஆபத்தில் இருப்பவர்களின் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள். பழைய பட்டியலில் இல்லாத பதினாறு பேருக்கு ஸ்கானுக்கு அழைப்புப் போனது.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தில்லையம்பலத்தின் மனைவி வசந்தமலர் கடைக்கு வந்தார். கோவிலில் மாலை கட்டும் அவரை, பதினொரு வருடத்தில் ஒருநாளாவது மீன் தட்டுப் பக்கம் யாரும் கண்டதில்லை. கூட்டத்துக்கு நடுவே நேராக வந்து நின்றார். நெற்றியில் திருநீறு இருந்தது.

"உங்கடை பட்டியலிலை இவருக்கு ஸ்கான் வந்தது. நெஞ்சிலை மூண்டு இரத்தக் குழாய் அடைச்சிருந்ததாம். புதன்கிழமை ஸ்டென்ட் வைச்சவை. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தால் வீட்டுப் படியிலை விழுந்திருப்பார் எண்டு டொக்டர் சொன்னவர்."

நகுலேஸ்வரிக்குப் படி என்ற சொல்லே போதுமாக இருந்தது. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை ஈரமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். வசந்தமலர் தட்டுக்கு மேலால் எட்டி, தன் சீலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இவர் வீட்டிலை இருக்கிறார், அக்கா. பசிக்குது எண்டு சத்தம் போடுறார். எண்ணெய் குறைச்சுக் கறி வைக்கிற மாதிரி நல்ல மீனாப் பாத்து வெட்டித் தாங்கோ."

நகுலேஸ்வரி தட்டில் இருந்ததிலேயே நல்ல விளைமீனை எடுத்து, செதில் உரித்து, துண்டு போட்டார். பையில் வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் முருங்கைக்காய்ப் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

"அது வேண்டாம்," என்றார் வசந்தமலர். "மீனை மேலை வையுங்கோ."