நொச்சி இலையின் இரண்டாம் மூட்டை

ஊசி போட்டு வீங்க வைத்த எலியின் பின்னங்காலில், கணுவுக்கு மேலே, பேனா மையால் ஒரு கோடு. பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் அந்தக் கோடு வரைதான் காலை முக்க வேண்டும். ஏறுகிற பாதரசம் வீக்கத்தின் அளவைச் சொல்லும். கோடு மயிரிழை உள்ளே போனாலும் என் பேராசிரியை மறுபடி முக்கச் சொல்வார். எழுபதுகளின் கடைசியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நான், சரியான கெடுபிடிக்காரி என்று அவரை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

நொச்சி இலை வீக்கத்தை வற்ற வைக்கும் என்பது எங்கள் ராசிங்காபுரத்தில் யாருக்கும் புதுச் செய்தியல்ல. அதைச் சோதித்து நிறுவுவதுதான் என் ஆய்வு. இலை எப்போதும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும், நிழலில்தான் உலர வேண்டும் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, குறிப்பிட்ட ஓடைக்கரைப் புதர்களில் பறித்து அனுப்பினார். முதல் மூட்டையின் சாறு கொடுத்த எலிகளுக்கு வீக்கம் மளமளவென்று வற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு ஓடிப்போய், அடுத்த தைக்குள் ஆய்வு முடிந்துவிடும், பார்த்து வைத்த வரனையே பேசி முடிக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மூட்டை என் வாயை அடைத்தது. வீக்கம் துளியும் இறங்கவில்லை. எலிகளை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், பாதரசத்தை வடிகட்டினேன். "முதல்ல வந்த முடிவு போதாதா மேடம்?" என்று கெஞ்சியபோது, "அது தப்பா இருந்தா?" என்றார்.

மலைக்கு ஜீப் ஏறினேன். சித்தப்பா பெருமையாகத்தான் சொன்னார்: "மழை விடவே இல்லத்தா. நீ வேற அவசரம்னு எழுதியிருந்த. ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல ஒரு தட்டுல பரப்பி வச்சேன். வெரசா காஞ்சுருச்சு. பச்சை மாறுச்சா பாரு!"

விறகடுப்பின் சூடு இரும்புக் குழாய்களில் ஓடும் அறை அது. ஏலக்காய்க்குச் செய்கிற உபசாரத்தை இலைக்கும் செய்திருக்கிறார். காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்பினேன். பேராசிரியை அசையவில்லை. "இதுதான் காரணம்னு தோணுது. தோணுறதை எப்படிம்மா எழுதுறது?" அடுத்த ஆண்டு இதே பருவத்தில், ஒரே நாளில் பறித்த இலையை இரண்டாகப் பிரித்து, பாதியை நிழலிலும் பாதியை ஸ்டோரிலும் உலர்த்த வேண்டுமாம். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இன்னொரு வருடத்துக்கு அப்பா சம்மதிக்கவே மாட்டார்.

மறுவாரம் பேராசிரியை என்னோடு பஸ் ஏறி ஊரில் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியை நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஒரு வெள்ளாமை நல்லா வந்துச்சுன்னு அந்த விதையை ஊருக்கே போடச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"அதெப்படித்தா? எந்த மண்ணு, எத்தனை தண்ணின்னு தெரியாம?" என்ற அப்பா, சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டதை உணர்ந்தார். அன்று ஒரு வருடம் கிடைத்தது. வரன் காத்திருக்கவில்லை. எனக்கு அது வலிக்கத்தான் செய்தது.

மறு ஆண்டு சாற்றுப் புட்டிகளில் எண் மட்டும் ஒட்டியிருந்தது. எது எந்த இலை என்ற சீட்டு பேராசிரியையின் பூட்டிய மேசைக்குள். நான் எதுவும் தெரியாமலே அளந்து முடித்தபின் சீட்டைப் பிரித்தோம். நிழலில் உலர்ந்தது மட்டும் வீக்கத்தை வற்ற வைத்திருந்தது. முடிவு இவ்வளவு தெளிவாக வந்ததில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோற்றுப்போன மூட்டையையும் ஒளிக்காமல் ஆய்வுக் கட்டுரையில் எழுத வைத்தார். எனக்கு அவமானமாகத் தோன்றிய பக்கங்கள் அவை.

சில ஆண்டுகள் கழித்து, வடக்கே ஓர் ஆய்வகத்திலிருந்து, முன்பின் அறியாத ஒருவர் கடிதம் எழுதினார். அந்தப் பக்கங்களின்படியே இலையை உலர்த்தினாராம். எங்களுக்கு வந்ததே அவருக்கும் வந்ததாம். இன்று என் மாணவர்கள் நவீனக் கருவிகளில் அளக்கிறார்கள். அந்தக் கடிதம் தந்த மலைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அது வந்த வாரமே ஊருக்கு எடுத்துப்போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவரு இங்க வந்து பாத்தாரா?"

"இல்லப்பா."

"உங்கிட்டக் கேட்டாரா?"

"எழுதி வச்சதைப் படிச்சுச் செஞ்சாரு. அவ்வளவுதான்."

அப்பா வெகுநேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் எழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அப்ப நெசந்தேன்" என்றார்.