கொள்ளிடத் தீவுக்கு வந்த ஆபீசர்

தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் நடுவே பச்சைப் பசேலென்று கிடக்கும் தீவில் படகைவிட்டு இறங்குகிறேன். நாணல் ஆளுயரம் நிற்கிறது. கத்தரிச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அக்கா ஓடிவந்து, என் ஷூவையும் தொப்பியையும் பார்த்துக் கும்பிடுகிறார்.

“சார், பொறம்போக்குதான். காய் பறிக்கிற வரைக்கும் வுட்டுருங்க.”

“நான் ஆபீசர் இல்லீங்கக்கா. எனக்கு ஊரு செந்துறை. எங்க பக்கம் ஒரே வறட்சி. சும்மா தீவு பாக்க வந்தேன்.”

“போன மாசம் வந்தவரும் சும்மா பாக்கத்தான் வந்தேன்னாரு. மறுநாளே கல்லு நட்டுட்டாங்க.”

அப்போது என் காலருகே ஓர் உடும்பு ஓடுகிறது. நான் அலறிக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறேன். அவர் நாணலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

“வெளிய வாங்கடி. உடும்புக்கே பயப்படுது, இதுவா நம்மள வெரட்டப் போவுது?”

ஒளிந்திருந்த பெண்கள் கூடைகளோடு எழுந்து வருகிறார்கள், சிரித்துக்கொண்டே.